செட் சாரின் பல் செட்

முப்பத்தோரு வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்தியவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தலைமையாசிரியரிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் செட் சார்தான். ஒவ்வொரு வருஷமும் ஒன்பதாம் வகுப்பின் முதல் நாள் பாடமாக அவர் ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்வார். செட். இங்கிலீஷில் மூன்றே எழுத்து. சூரியன் மறைந்தாலும் செட், சிமெண்ட் இறுகினாலும் செட். முறிந்த எலும்பைச் சேர்த்து வைப்பது செட், மேஜையில் தட்டு எடுத்து வைப்பது செட், எலிக்குப் பொறி வைப்பதும் வீட்டுக்குத் தீ வைப்பதும் செட். கடிகாரத்தைத் திருப்பி வைத்தாலும் செட், கேள்வித்தாள் தயாரித்தாலும் செட். கையில் துண்டுக் காகிதம்கூட இல்லாமல் ஒரு மணி நேரத்தில் நாற்பத்து நாலு அர்த்தம் சொல்லி முடிப்பார். மறுநாள் பையன்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாதவன் கையில் தடிப்பு வரும்.

அவருடைய ஒரே மகனும் அதே பள்ளிக்கூடத்தில்தான் படித்தான். அவனுக்குச் சின்ன செட் என்று பெயர் விழுந்தது. ஐம்பத்திரண்டு வயதாகித் தலையில் பாதி முடி போன பிறகும் பழைய சிநேகிதர்கள் தெருவில் பார்த்தால் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

மற்றப் பையன்களுக்குப் பாடம் ஒரு நாளோடு முடிந்தது. சின்ன செட்டுக்கு அது ராத்திரிச் சாப்பாட்டு மேஜையில் தொடர்ந்தது. அப்பா எதிரே உட்கார்ந்துகொள்வார். ஒரு அர்த்தம் சொன்னால் ஒரு கவளம். தப்பாகச் சொன்னால் போன கவளத்தோடு சாப்பாடு முடிந்தது, தட்டு உள்ளே போய்விடும். பையன் சராசரியாகப் பதினைந்து, பதினாறு கவளம் சாப்பிட்டான். நல்ல நாளில் இருபத்தைந்து. முழுவயிறு என்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், அன்றைக்கு அப்பா பாடம் நடத்துவதில்லை.

பையன் கல்லூரிக்குப் போனான், இரண்டாவது வருஷம் ஃபெயிலாகி வந்தான். ஒரு கடையில் கணக்கு எழுதினான், அதுவும் நிலைக்கவில்லை. "உனக்கு எதுவுமே செட் ஆகாதுடா" என்று அப்பா சொன்னார். தமிழில் அந்தச் சொல்லுக்கு இருந்த அர்த்தத்தையும் அவர் வீணாக்கவில்லை. கடைசியில் பையன் ஒரு பல் ஆஸ்பத்திரியின் லேபில் போய் உட்கார்ந்தான். வாயின் அளவு அச்சாக வரும், அதில் பிளாஸ்டர் ஊற்றி மாடல் எடுக்க வேண்டும், மெழுகில் பல் அடுக்க வேண்டும், பிறகு அதை ஈறு நிறத்துப் பிளாஸ்டிக்காக மாற்றிக் கொதிக்க வைத்து, சீவி, பாலிஷ் போட்டுக் கொடுக்க வேண்டும். யாரும் எதிர்பார்க்காதபடி அந்த வேலை அவன் கைக்கு வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக ஒரே டாக்டரம்மாவிடம் வேலை. அவன் அடுக்கிய பல்லைப் பார்த்தால் கட்டின பல் என்று கட்டிக்கொண்டவருடைய மருமகளுக்குக்கூடத் தெரியாது என்று டாக்டரம்மா வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வாள்.

அப்பாவிடம் யாராவது மகன் என்ன செய்கிறான் என்று கேட்டால், "பல்லு வியாபாரம்" என்பார்.

எழுபத்தொன்பதாவது வயதில் அப்பாவின் வாயில் மிச்சம் இருந்த ஐந்து பற்களும் ஆடத் தொடங்கின. டாக்டரம்மா அவற்றை எடுத்துவிட்டு, ஈறு ஆறட்டும் என்று மூன்று மாதம் காத்திருந்து, மேலும் கீழும் முழு செட் கட்டலாம் என்றாள். மகன் கையால் செய்தது வேண்டாம், வேறு ஆள் இருந்தால் பாருங்கள் என்று அப்பா சொல்லிப் பார்த்தார். இவரைவிட நல்ல கை எனக்குக் கிடைக்காது சார் என்று அவள் முடித்துவிட்டாள். சின்ன செட் மனதுக்குள் சந்தோஷப்பட்டதை மறைக்க வேண்டியதில்லை. மாடலை இரண்டு தடவை எடுத்தான். பெட்டியில் இருந்த பற்களில் நல்ல நிறமாகத் தேடித் தேடி எடுத்தான். அப்பாவின் நாற்பது வயது போட்டோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மேல் வரிசையில் ஒரு பல்லை லேசாகத் திருப்பி வைத்தான். அப்பாவின் சொந்தப் பல் அங்கே அப்படித்தான் திரும்பியிருந்தது.

மெழுகில் அடுக்கிய பல்லை வாயில் வைத்துப் பார்க்கிற நாள் வந்தது. டாக்டரம்மா பேசிக் காட்டச் சொன்னாள். சத்தம் சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பிளாஸ்டிக்காக மாற்றுவார்கள். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு தன் பாடத்தின் முதல் பத்து நிமிஷத்தைச் சொல்லிக் காட்டினார். ஒவ்வொரு செட்டும் கத்தரித்து வைத்த மாதிரி வந்தது. டாக்டரம்மா கையைத் தட்டினாள். மகன் மெழுகுக் கத்தியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். ஒரு வார்த்தை வரும் என்று நினைத்தானோ என்னவோ.

அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. சாப்பாட்டு மேஜைக் கதையை டாக்டரம்மாவிடம் எடுத்துவிட்டார்.

"இவனுக்குக் கவளத்துக்கு ஒரு அர்த்தம். பதினாலு வயசு இருக்கும். ஒரு நாள் மூணோட நின்னுட்டான். தட்ட எடுன்னுட்டேன். இவங்கம்மா முந்தானைக்குள்ள எதையோ மறைச்சு எடுத்துட்டு இவன் ரூமுக்குப் போறா. புடிச்சிட்டேன். சரி, நீ சொல்லு, ஒரே ஒரு அர்த்தம் சொல்லு, கொண்டுபோய்க் குடுன்னேன். அவளுக்கு இங்கிலீஷ்ல கையெழுத்தே வராது. முழிக்கிறா. அப்ப உனக்கும் இன்னைக்குச் சாப்பாடு கெடையாதுன்னேன். அப்புறம் ஒரு மாசம், இவன் எத்தன கவளமோ அவளுக்கும் அத்தன கவளம்."

டாக்டரம்மா சிரித்தாள். "பாவம் சார் அவங்க" என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள்.

சின்ன செட்டுக்குத் தன் பட்டினி தெரியும். அம்மாவின் பட்டினி தெரியாது. அந்த ராத்திரி அவனுக்கு ஞாபகம் இருந்தது. அம்மா வெறுங்கையோடு வந்து பக்கத்தில் படுத்தாள். அவன் அவள் கையைத் தட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அதற்குப் பிறகு பல வருஷம், அவள் படுக்கையில் விழுந்து சாகிற வரைக்கும்கூட, அவள்மேல் அவனுக்கு ஒரு கசப்பு இருந்துகொண்டே இருந்தது. எல்லா அம்மாக்களும் எப்படியாவது ஒரு வாய் கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள், என் அம்மாதான் புருஷனுக்குப் பயந்தவள் என்று மனைவியிடமே சொல்லியிருக்கிறான். அம்மா போய்ப் பதினொரு வருஷம் ஆகிவிட்டது.

அவன் மெழுகுப் பல்லை டப்பாவில் வாங்கிக்கொண்டு லேபுக்குப் போனான். கதவைச் சாத்தினான். ஸ்பிரிட் விளக்கை ஏற்றினான்.

மேல் முன்பற்களைச் சூடான கத்தியால் இளக்கி, நூல் அளவு சாய்த்தான். பற்களுக்குப் பின்னால் அண்ணம் வருகிற இடத்தில் மெழுகைச் சுரண்டி ஒரு சின்னப் பள்ளம் விட்டான். நாக்கு எழும்பும்போது காற்று அந்தப் பள்ளத்துக்குள் புகுந்துதான் வெளியே வர வேண்டும். கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. முன்பு ஒரு கிழவிக்குத் தவறுதலாக இப்படி ஆகி, அவள் பேசும்போதெல்லாம் விசில் அடித்து, அவன்தான் ஓடி ஓடிச் சரி செய்து கொடுத்தான். ஆகையால் எங்கே எவ்வளவு என்று அவனுக்கு அத்துப்படி. வேலை கால் மணி நேரம்கூடப் பிடிக்கவில்லை.

பல் செட் தயாராகி அப்பாவின் வாயில் ஏறிய அன்றைக்கே விசில் கேட்டது. டாக்டரம்மா உள்ளே விளக்கடித்துப் பார்த்தாள். புதுப் பல், நாக்குக்குப் பழக வேண்டும், இரண்டு வாரத்தில் போய்விடும் என்றாள். அப்பா மகனை ஒரு தடவை பார்த்தார். வீட்டில் மருமகள்தான் முதலில் சிரித்தவள். "மாமா சட்டை கேட்டா குக்கர் கத்துதோன்னு அடுப்படிக்கு ஓடறேன்" என்று புருஷனிடம் சொல்லி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்கு நாலாவது நாள் அப்பாவுக்குப் பாராட்டு விழா. அவரிடம் ஒரே வருஷத்தில் படித்து முடித்த செட் பையன்கள், இப்போது ஐம்பதைத் தாண்டியவர்கள், பெரிய ஹாலை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். ஏற்பாடெல்லாம் ஒரு பெயிண்ட் கடைக்காரர். படிக்கிற காலத்தில் அவருக்குத் திக்குவாய். செட் சார் அவரை எழுப்பி நிறுத்தி ஒரு வார்த்தையைச் சொல்லச் சொல்வார். திக்கினால், "காதுல விழலியே, இன்னொரு தடவை சொல்லு" என்பார். மணி அடிக்கிற வரைக்கும் அது நடக்கும். வகுப்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். சின்ன செட்டும் அதே வகுப்பில் உட்கார்ந்து சிரித்தவன்தான். இப்போது பெயிண்ட் கடைக்காரருக்குத் திக்கல் போய்விட்டது, மூன்று கடை இருந்தது. மற்றவர்கள் பேச்சு போதும் என்றபோது, இல்லை, சார் அந்தப் பாடத்தையே நடத்தணும், நாங்க பெஞ்சில் உட்கார்ந்து கேட்கணும் என்று பிடிவாதமாகச் சொன்னவர் அவர்தான்.

காலை பதினோரு மணிக்கு அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் மைக்கின் முன்னால் நின்றார். நூற்றைம்பது பேர். "செட்" என்றார்.

மைக் செட்காரன் மைக்தான் கத்துகிறது என்று நினைத்து ஓடிவந்து ஒரு குமிழைத் திருகினான். அப்பா மறுபடியும் சொன்னார். மறுபடியும் விசில், இந்த முறை ஹாலின் நாலு மூலையிலிருந்தும். முன்வரிசையில் ஒருவர் மூக்கால் சிரித்தார். பின்னாலிருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பெயிண்ட் கடைக்காரர் இடத்திலிருந்து எழுந்து நின்றார். பணிவாகக் கையைக் கட்டிக்கொண்டார்.

"சார், காதுல விழலியே. இன்னொரு தடவை சொல்லுங்க."

ஹால் வெடித்தது. பாதிப் பேருக்கு அவர் எதைச் சொல்கிறார் என்று புரிந்து சிரிப்பு, பாதிப் பேருக்கு விசிலுக்காகச் சிரிப்பு. அப்பா பெயிண்ட் கடைக்காரரையே பார்த்தார். யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சொன்னார். இன்னொரு தடவை என்றார் கடைக்காரர். அப்பா சொன்னார். ஆறு தடவை கேட்டார், ஆறு தடவையும் சொன்னார். ஏழாவது தடவை சிரிக்க ஆள் குறைந்துபோய், யாரோ கடைக்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்கள்.

பின்வரிசையில் சின்ன செட் உட்கார்ந்திருந்தான். முதல் விசிலுக்கு அவனுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்த மாதிரி இருந்தது. அவ்வளவு இனிப்பான ஒன்றை அவன் வாழ்க்கையில் ருசித்ததில்லை. மூன்றாவது, நாலாவது வரைக்கும்கூட இருந்தது. இத்தோடு அப்பா நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிடுவார், அது போதும் என்று நினைத்தான்.

அப்பா இறங்கவில்லை. பாடத்தை ஆரம்பித்தார். சூரியன், சிமெண்ட், எலும்பு, மேஜை. ஒவ்வொன்றுக்கும் விசில் அடித்தது. ஒவ்வொன்றுக்கும் அந்தக் காலத்தில் செய்தது போலவே ஒரு விரலை மடக்கினார். பத்தாவது அர்த்தத்தில் சிரிப்பு ஓய்ந்துவிட்டது. இருபதில் பையன்கள் கைபேசியை எடுத்துப் பார்த்தார்கள். இருபத்தைந்தில் ஒவ்வொருவராகச் சாப்பாட்டுக்கு எழுந்து போனார்கள், முப்பதில் பக்கத்து அறையிலிருந்து தட்டுச் சத்தம் கேட்டது. பெயிண்ட் கடைக்காரர் முப்பத்தைந்து வரை உட்கார்ந்திருந்து, முகம் வெளுத்து, பின்கதவு வழியாகப் போனார். நாற்பத்து நாலாவது அர்த்தத்தைச் சொல்லி முடித்தபோது ஹாலில் ஒன்பது பேர். அதில் ஒருவன் மைக் செட்காரன், ஒருவன் மகன். அப்பா மேஜையில் இருந்த பரிசுக் கடிகாரத்தை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படி இறங்கினார்.

வாடகைக் காரில் இரண்டு பேரும் பின் இருக்கையில் உட்கார்ந்தார்கள். சிக்னலில் வண்டி நின்றபோது அப்பா பேசினார்.

"மெழுகுல இருந்தப்ப வார்த்தை சுத்தமா வந்துது. பிளாஸ்டிக் ஆனப்பறம் வரல. நடுவுல அது யார் கையில இருந்துது?"

மகன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். இல்லை என்று சொல்லியிருக்கலாம். டாக்டரம்மா சொன்னதையே, நாக்கு பழக வேண்டும் என்று சொல்லியிருக்கலாம்.

"என் கையிலதான்" என்றான்.

அப்பா தலையை ஆட்டினார்.

"பரவால்ல. மொத தடவையா ஒரு வேலைய முழுசா செஞ்சிருக்க."

அந்த வாக்கியத்தில் விசில் இரண்டு தடவை அடித்தது. காரோட்டி கண்ணாடியில் பின்னால் பார்த்தார். ஐம்பத்திரண்டு வருஷத்தில் அப்பா அவனைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. வீடு வந்து சேருகிற வரைக்கும் அவன் அதையே திரும்பத் திரும்பக் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் அவன் லேபில் வைத்திருந்த மாடலை எடுத்து ஒரு வாரத்தில் இன்னொரு செட் செய்தான். அதில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. அப்பாவின் மேஜையில் கொண்டுபோய் வைத்தான். அப்பா டப்பாவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு இதுவே செட் ஆகிவிடும் என்று மருமகளிடம் சொல்லி அனுப்பினார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் ஆறரைக்கு அப்பா தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்யத் தொடங்கினார். மகனின் அறைக்கும் அவர் அறைக்கும் நடுவில் பலகைச் சுவர். முதலில் வெறும் "ஸ்" சத்தம். பிறகு செட். பிறகு பட்டியல் முழுவதும், ஒன்று முதல் நாற்பத்து நாலு வரை, விசிலோடு. தலையணையால் காதை மூடினாலும் கேட்டது. இவன் எழுந்து சவரம் செய்யும்போது இருபதில் இருப்பார், செருப்பு மாட்டும்போது முப்பதில் இருப்பார். சின்ன வயதில் இருபத்தைந்தைத் தாண்டி அவன் போனதே இல்லை. இப்போது ஐம்பத்திரண்டாவது வயதில் மிச்சத்தையும் பாடமாகக் கேட்டான். கேட்கக் கேட்க ஒன்று தெரிந்தது. இருபத்தாறாவதாகச் சொல்வதும் முப்பத்தெட்டாவதாகச் சொல்வதும் ஒரே அர்த்தம், எடுத்துக்காட்டு மட்டும்தான் வேறு. நாற்பத்து நாலு இல்லை, நாற்பத்து மூன்றுதான் இருந்தது. இதை மனைவியிடம் சொன்னான்.

"போய் அவர்கிட்டயே சொல்லுங்களேன்" என்றாள் அவள்.

அவன் சொல்லவில்லை. ஆனால் அம்மா இறந்ததற்குப் பிறகு முதல் தடவையாக அவள் போட்டோ முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, துணியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வந்தான்.

நாலு மாதம் ஆயிற்று. விசில் மெல்லிசாகி, எப்போதாவது வந்து, பிறகு நின்றுவிட்டது. எண்பது வயது நாக்கு அந்தப் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போகக் கற்றுக்கொண்டுவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை மருமகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, மாமா சர்க்கரை கேட்டார், சுத்தமாகக் கேட்டார் என்றாள். பட்ட கஷ்டமெல்லாம் போகட்டும், எல்லாம் ஒரு வழியாக முடிந்தது என்று சின்ன செட் நினைத்தான். அவனுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்றால் நம்ப மாட்டீர்கள்.

மறுநாள் அப்பா தனியாகக் கார் பிடித்து டாக்டரம்மாவிடம் போனார். பல் செட்டைக் கழற்றிக் கண்ணாடித் தட்டில் வைத்தார். அந்தப் பள்ளத்தை விரலால் காட்டினார். பிறகு அதைத் திரும்ப மாட்டிக்கொண்டு, தன் மகன் என்ன செய்தான், எந்த நாளில் செய்தான், காரில் எப்படி ஒப்புக்கொண்டான் என்று ஒரு சத்தம் பிசகாமல் எடுத்துச் சொன்னார். சுத்தமாகப் பேச வருகிற வரைக்கும் அதற்காகத்தான் காத்திருந்தார்.

டாக்டரம்மா லேபுக்கு வந்து கதவருகிலேயே நின்றாள். உள்ளே வரவில்லை.

"கை தவறிச்சுன்னா நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். தெரிஞ்சே பண்ணீங்களா?"

"ஆமாம்மா."

"அப்ப மத்தவங்க வாயில என்னல்லாம் பண்ணியிருக்கீங்கன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

அவன் மேஜையைக் காலி செய்தான். மெழுகுக் கத்தி, சின்ன சுத்தியல், பாலிஷ் துணி எல்லாம் இருபத்திரண்டு வருஷத்துப் பொருள். ஒரு பையில் அடங்கிவிட்டது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் மனைவி பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டாள். வீட்டில் சம்பாதிக்கிற ஒரே ஆளுடைய வேலையைக் கெடுத்துவிட்டு எப்படி மாமா உங்களுக்குச் சாப்பாடு இறங்குகிறது என்றாள். அப்பா மென்று விழுங்கிவிட்டுத்தான் பேசினார். தப்பு செய்தவனுக்குத் தண்டனை உண்டு, அது மகனானாலும் உண்டு என்றார். இத்தனை மாதம் விட்டுவைத்ததே அதிகம் என்றார். என் பென்ஷனில் மூன்று பேரும் சாப்பிடலாம், எண்ணிச் சாப்பிட்டால் போதும் என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி கேட்டார். மருமகள் கரண்டியைப் பாத்திரத்திலேயே போட்டுவிட்டு எழுந்து போனாள். மகன்தான் எடுத்துப் போட்டான்.

பல் லேப்காரர்கள் உலகம் சின்னது. அவன் போன இடத்துக்கெல்லாம் கதை முன்னாலேயே போயிருந்தது. ஏழு வாரம் அலைந்தான். கடைசியில் இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில், டயர் கடைக்கு மேல் மாடியில், நாலு பேர் வேலை செய்கிற ஒரு லேபின் முதலாளி வரச் சொன்னார். கண்ணாடித் தடுப்பு வைத்த சின்ன அறை. முதலாளி அவன் கொண்டுபோயிருந்த மாதிரிப் பல்லை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய இடத்தை விட்டது ஏன் என்று கேட்டார். மறைத்துப் பிரயோசனமில்லை என்று சின்ன செட் உள்ளதைச் சொன்னான். அப்பா, மெழுகு, பள்ளம், ஹால், விசில். அம்மாவை மட்டும் சொல்லவில்லை.

முதலாளி சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாதா?"

"தெரியாது."

"டாக்டருக்கே?"

"எங்க டாக்டரம்மாவுக்கே தெரியல."

முதலாளி மேஜைமேல் இருந்த பிளாஸ்டர் தூளை விரலால் தள்ளி ஒரு கோடு போட்டார். தன் மாமனார் வீட்டோடு இருக்கிறார், ஒன்பது வருஷமாக இருக்கிறார், வாய் ஓயாது என்றார். போன வாரம்தான் பல் எடுத்திருக்கிறது என்றார். திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வந்துவிடலாம் என்றும், சம்பளம் பழைய இடத்தில் வாங்கியதே தருவதாகவும் சொன்னார்.

சின்ன செட் பையைத் திறந்து நோட்டையும் பென்சிலையும் எடுத்தான்.

"அவர் பேசறதுல எது உங்களுக்குத் தாங்க முடியல?" என்று கேட்டான். "யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்ல. எந்த எழுத்துன்னு சொன்னா போதும்."